அடையாற்றின் தலைமடை நம் ஏரிகளே!

(படப்பை விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அடையாறு என்றதும் பட்டணத்துக்காரர்கள் சைதாப்பேட்டைப் பாலத்தைத்தான் நினைக்கிறார்கள். அந்த ஆறு பிறப்பது எங்கே? மலையில் அல்ல. நம்ம பக்கத்து மலைப்பட்டு, மணிமங்கலம், ஆதனூர் ஏரிகளில்! மேல் ஏரி கலங்கல் வழிஞ்சா கீழ் ஏரிக்கு, கடைசி ஏரி வழிஞ்சா ஆத்துக்கு. இது நம் முன்னோர் போட்ட கணக்கு.

ஏரி தேக்குகிற வரை ஆறு நிதானமாக ஓடும். ஏரி தூர்ந்து, கால்வாயை மறித்து மனை போட்டால், பெய்த மழை ஒரே ராத்திரியில் ஆத்துக்குப் பாயும்.

2015 டிசம்பரை மறக்க முடியுமா? 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். எல்லோரும் அதையே பேசினார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் ஆற்றில் சேருவது திருநீர்மலை அருகே. அதற்கு மேலே இருக்கிற முடிச்சூரும் வரதராஜபுரமும் ஏன் மூழ்கின? அது நம்ம பக்கத்து ஏரிகளின் உபரி நீர்! போக வழியில்லாமல் வீட்டுக்குள் புகுந்தது.

நாலே வருஷம். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. வெள்ளமும் வறட்சியும் ரெண்டு நோய் இல்லை, ஒரே நோய். மருந்தும் ஒன்றுதான்: ஏரி.

வெள்ளம் வந்தா "கரையை வெட்டு" என்கிறார்கள். வெட்டினால் தை மாதம் கதிர் முற்றும்போது எங்க ஆயக்கட்டுக்குத் தண்ணி ஏது? கோடையில் பட்டணத்துக்குத்தான் நிலத்தடி நீர் ஏது?

நாங்கள் சலுகை கேட்கவில்லை. சட்டத்தில் இருப்பதைச் செய்யச் சொல்கிறோம்.

1. 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி ஏரிகளை அளந்து, எல்லைக்கல் நட்டு, ஆக்கிரமிப்பை அகற்று! குடியிருக்கும் ஏழைக்கு மாற்று இடம் கொடு!

2. வரத்துக்கால்வாய், போக்குக்கால்வாய்களை வருவாய் வரைபடத்தில் உள்ள அகலத்துக்கு மீட்டுக்கொடு!

3. மதகையும் கலங்கலையும் ஐப்பசி மழைக்கு முன்பே பழுது பார்! வண்டலை எங்கள் நிலத்துக்குக் கொடு!

4. எந்த ஏரியில் எப்போது தண்ணீர் திறப்பது என்பதை விவசாயிகளோடு கூடி முடிவு செய்!

ஏரி நம்முடையது. கேட்கவும் நாம்தான் போக வேண்டும். மனு கொடுக்கிற அன்று வீட்டுக்கு ஒருவர் வாருங்கள்!

ஏரியைக் காப்போம்! ஆற்றைக் காப்போம்!