ரத்தத்துக்கும் ஒரு வாய்க்கால் கணக்கு
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



குள்ளஞ்சாவடிப் பக்கத்து ஆட்களுக்குத் தண்ணீர் அளக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைத்து விடும் தண்ணீர் வாய்க்காலில் ஓடும்போது ஒரு துரும்பைப் போட்டு வேகம் பார்ப்போம். அதைக் குறுக்குப் பரப்பால் பெருக்கினால் அளவு வந்துவிடும். ரத்தக் குழாயில் துரும்பு போட முடியுமா? எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ரத்தத்திலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருதான் துரும்பு.

இந்த வேலையின் தொடக்கம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1951-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஜி. சூர்யன், காந்தப் புலத்துக்குள் குழாயில் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தார். நிற்கிற தண்ணீர் ரேடியோ அலையை வாங்கி வாங்கி அலுத்துப்போகும். ஓடுகிற தண்ணீரில் புதுசு புதுசாக அணுக்கரு வருவதால் சிக்னல் கூடியது. 1959-இல் அமெரிக்காவில் சிங்கர் எலி வாலில் ரத்த ஓட்டத்தை அளந்தார். சூர்யன் பெயரை நாம் படித்த எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

இப்போதைய முறை வேறு. காந்தப் புலத்தை ஒரு பக்கம் சாய்த்து, உடனே மறுபக்கம் சாய்க்கிறோம். அசையாத அணுக்கருவுக்கு முதலில் ஏறிய கோணம் பிறகு கழிந்துவிடும். நகர்ந்த அணுக்கருவுக்கு மிச்சம் நிற்கும். அந்த மிச்சம்தான் வேகம். ஆனால் மிச்சம் 180 டிகிரியைத் தாண்டினால், முன்னே போகும் ரத்தம் பின்னே வருவதாகத் தெரியும். எத்தனை வேகத்துக்கு 180 டிகிரி என்பதை நாம்தான் முன்கூட்டியே வைக்க வேண்டும்.

இங்கேதான் என் பெரியப்பா மாட்டிக்கொண்டார். முந்திரிக் கொல்லையில் மூச்சு வாங்கி உட்கார்ந்தவரை ஓர் ஊரில் ஸ்கேன் எடுத்தார்கள். மகாதமனி வால்வில் நூற்றுக்கு 45 பங்கு ரத்தம் திரும்பி ஒழுகுகிறதாம், ஆபரேஷன் என்றார்கள். எக்கோவில் லேசான கசிவுதான் இருந்தது. ஸ்கேன் மெஷின் சர்வீஸ் பார்ப்பவன் என்பதால் படத்தை வாங்கிப் பார்த்தேன். இதயம் சுருங்கும் நேரம், குழாய் முழுக்க வெள்ளை, நட்டநடுவில் மட்டும் கறுப்புத் திட்டு! வேக எல்லை 150 செ.மீ. என்று வைத்திருந்தார்கள். நடுவில் ரத்தம் வினாடிக்கு 180 செ.மீ. போனால், மெஷின் அதைப் பின்னோக்கி 120 என்றுதான் எழுதும். வால்வு திறந்திருக்கும் நேரத்தில் ஏது கசிவு?

டாக்டரிடம் காட்டினேன். அவர் கோபப்படவில்லை, எல்லையை 250-க்கு ஏற்றி மறுபடி எடுக்கச் சொன்னார். 18 பங்கு வந்தது. ஆபரேஷன் வேண்டாம், மாத்திரையும் வருஷா வருஷம் பரிசோதனையும் போதும் என்றார்.

பெரியப்பா வெளியே வந்து கேட்டார்: "ஏண்டா, மொதல்ல அளந்தவன் துரும்ப எந்த வாய்க்கால்ல போட்டான்?"