அன்னையார் உரைத்த குடிவழி

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்குக் கொடுக்கப்பட்ட பொருள் 'அன்னை' என்பதாகும். இதனைத் தெரிவிக்க வந்த செயலாளர், "இலக்கியத்திலிருந்து பேசுவீரோ, இல்லத்திலிருந்து பேசுவீரோ?" என்று வினவினார். தமிழாசிரியன் என்றால் மேற்கோள்களை அடுக்கிவிடுவான் என்னும் அச்சம் அவர் முகத்திற் காணப்பட்டது. அவ்வச்சம் வேண்டா. சென்ற ஆண்டு இறைவன் திருவடி நீழலை எய்திய எம் அன்னையாரைப் பற்றியே பேசப் புகுகின்றோம். அவர் புகழ்பெற்றவர் அல்லர். ஐந்தாம் வகுப்பு வரை பயின்றவர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் எளிய குடும்பத்தை நடத்தியவர். எனினும், அவரிடமிருந்து நம் சங்கம் பெற்றுக்கொள்ளத் தக்கது ஒன்று உண்டு. அதனை முடிவிற் கூறுவோம். அதற்கு முன்னர்ச் சிறிது சிரிப்போமாக.

யாம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற காலத்து, வாரந்தோறும் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு வருவது வழக்கம். அவ்வாரத்திற் கற்ற சொற்களை வீட்டில் வழங்கிப் பார்ப்பதும் வழக்கம். ஒருநாள் கடுவெயிலில் நடந்து வந்து, "அன்னாய்! நீர்வேட்கை மிக்குளது" என்றோம். அடுக்களையிலிருந்த அன்னையார், "வேட்டையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், முதலில் வந்து தண்ணீரைக் குடி" என்று விடை பகர்ந்தார். சொல் அவருக்கு விளங்கவில்லை, பொருள் விளங்கிவிட்டது. இதனை எம் ஆசிரியரிடம் கூறினோம். அவர் நகைத்து, "உரையாசிரியர்க்கு வேண்டும் தகுதி அதுவே" என்றார்.

மார்கழித் திருவாதிரைக்கும் ஆனித் திருமஞ்சனத்திற்கும் அன்னையார் சிதம்பரம் செல்லத் தவறியதில்லை. திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் வண்டி ஏறுவார். அமர்ந்தவுடன் எதிரில் இருப்பவரை நோக்கி, "உங்களுக்கு எந்த ஊர்?" என்பார். கடலூர்த் துறைமுகச் சந்திப்பைக் கடக்குமுன் ஊர் தெரிந்துவிடும். ஆலப்பாக்கத்தில் தாய்வீடு எது என்பது தெரிந்துவிடும். புதுச்சத்திரத்தில் இருவர்க்கும் பொதுவான ஓர் உறவினர் அகப்படுவார். பரங்கிப்பேட்டையில் அவ்வம்மையார் 'அண்ணி' ஆகிவிடுவார். கிள்ளை வருமுன், யார் வீட்டுப் பெண்ணை யார் வீட்டுப் பிள்ளைக்குக் கேட்கலாம் என்பது ஒருவாறு முடிவாகிவிடும். ஒருமுறை எதிரில் அமர்ந்தவர் வடநாட்டு வணிகர், தமிழ் அறியார். அவரையேனும் விட்டுவிடுவார் என்று எண்ணினோம். சிதம்பரத்தில் இறங்கும்போது, "பாவம், அவருக்கு இரண்டு பெண்கள், மூத்தவளுக்கு இன்னும் வரன் அமையவில்லையாம்" என்றார். எம்மொழியிற் கேட்டறிந்தார் என்பது இன்றுகாறும் எமக்கு விளங்காத மறைபொருள்.

விழுப்புரத்திற்கும் மயிலாடுதுறைக்கும் இடையே இருந்த மீட்டர் பாதை அகலப்பாதையாக்கப்பட்டு, 2010 ஆம் ஆண்டில் வண்டிகள் மீண்டும் ஓடத் தொடங்கின. ஊரார் மகிழ்ந்தனர். அன்னையார் மட்டும், "இத்தனை வேகம் எதற்கு? உறவு கேட்டு முடிப்பதற்குள் கிள்ளை வந்துவிடுகிறதே" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

தில்லைக் கோயிலில் ஓரிடத்தே நின்று ஆடவல்ல பெருமானையும் பள்ளிகொண்ட கோவிந்தராசப் பெருமாளையும் ஒருங்கே தொழலாம் என்பது யாவரும் அறிந்ததே. அவ்விடத்தில் நின்று கண்ணீர் மல்கத் தொழுதுவிட்டு, எம் பக்கம் திரும்பி மெல்லச் சொல்வார்: "ஒருவர் ஓயாமல் ஆடுகிறார், ஒருவர் நிம்மதியாகப் படுத்திருக்கிறார். நம் வீடும் இப்படித்தான். ஆடுவது நான், படுத்திருப்பது உங்கள் அப்பா." எம் தந்தையாரும் அருகில் நிற்பார், கேளாதவர்போல் விபூதி பூசிக்கொள்வார்.

இனி, அடுக்களைக்கு வருவோம். பெருமானுக்குப் படைக்கும் சம்பா சாதமும், அதற்கு இணையான கத்தரிக்காய்க் கொத்சும் தில்லைக்கே உரியவை. பிஞ்சுக் கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கி மசித்து, புளிநீர் விட்டு, வறுத்துப் பொடித்த கொத்துமல்லி விதையும் மிளகாயும் சேர்ப்பர். இம்மட்டும் யாரும் சொல்வர். அளவு எவ்வளவு என்பதன்றோ கேள்வி! எம் மனைவியார் குறிப்பேட்டுடன் அமர்ந்து, "உப்பு எவ்வளவு, அத்தை?" என்பார். "வேண்டிய அளவு." "புளி?" "அது கேட்கிற அளவு." "எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும்?" "வாசனை தெருவாசலுக்குப் போகும் வரையில்." இவ்விடைகளைக் கொண்டு பரிபாடலுக்கு உரை எழுதலாம்; கொத்சு செய்ய இயலாது. ஆகவே எம் மனைவியார் ஒரு சூழ்ச்சி செய்தார். அன்னையார் உப்பை அள்ளிப் போடும் தருணத்திற் கையின்கீழ் ஒரு கிண்ணத்தை நீட்டி வாங்கி, தராசில் நிறுத்து எழுதிக்கொண்டார். "என் கையை நகைக்கடைத் தராசில் வைக்கிறாளே!" என்று அன்னையார் சிரித்தார். அடுத்த முறையும் அவ்வாறே நிறுத்தபோது எடை ஒரு கிராமும் மாறவில்லை. அக்குறிப்பேடு இன்றும் எம் இல்லத்தில் உள்ளது.

2011 டிசம்பர் 30 ஆம் நாள் தானே புயல் கடலூர்ப் பகுதியைத் தாக்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரொடு சாய்ந்தன. பல நாள் மின்சாரம் இல்லை. வீடுதோறும் மிக்சிகள் வாய்மூடிக் கிடந்தன. அன்னையார் கொல்லையிற் கிடந்த அம்மியைக் கழுவி நிமிர்த்தினார். தெருப்பெண்டிர் மிளகாயும் தேங்காயும் ஏந்தி வரிசையில் வந்தனர். அம்மிக்கு அவர் பெற்ற கூலி ஒன்றே: "உன் அம்மா பெயர் என்ன? அவள் பிறந்த ஊர் எது?" என்னும் வினாவுக்கு விடை. வந்தவர் எவரையும் அவர் இன்னாருடைய மனைவி என்று நினைவில் வைத்ததில்லை. இன்னாருடைய மகள், இன்னாருடைய பேத்தி என்றே வைத்தார். "புயலுக்கெல்லாம் பெயர் வைக்கிறார்கள், பெற்றவள் பெயரைக் கேட்டால் யோசிக்கிறார்களே" என்பார்.

இத்துணைப் பெயர்களை நினைவில் வைத்தவர் ஒரு பெயரை மட்டும் நாவாற் கூறியதில்லை. அது கணவர் பெயர். எம் தந்தையாருக்கு முருகப்பெருமான் திருநாமங்களுள் ஒன்று பெயராக அமைந்திருந்தது. ஓர் அலுவலகத்தில் எழுத்தர் கணவர் பெயரைக் கேட்டபோது, அன்னையார் சுவரில் தொங்கிய நாட்காட்டிப் படத்தைச் சுட்டி, "அதோ, மயிலோடு நிற்கிறாரே, அவர்தான்" என்றார். "மயில்சாமியா?" என்றார் எழுத்தர். "மயில் அல்ல, பக்கத்தில் நிற்கிறவர்." "வேலாயுதமா?" "வேல் அல்ல, அதைப் பிடித்திருப்பவர்." பின்னால் நின்றோர் பொறுமை இழந்தனரா என்றால், இல்லை. அவர்களும் முருகன் திருநாமங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கத் தொடங்கினர். அலுவலகம் சிறிது நேரம் திருக்கோயிலாயிற்று. இறுதியில் ஒரு முதியவர் உரிய பெயரைச் சொல்ல, அன்னையார் நாணத்துடன் தலையசைத்தார். வரிசை முழுவதும் கைதட்டிற்று.

பெரியோர்களே! நகைச்சுவை இங்கு முடிகின்றது என்று எண்ணற்க. எம் தந்தையார் மறைந்த பின்னர், ஆடி அமாவாசையன்று நீர்க்கடன் ஆற்றத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சென்றோம். சடங்கு செய்விப்பவர் முன்னோர் பெயர்களைக் கேட்டார். தந்தை, பாட்டன், பூட்டன் எனத் தந்தைவழிப் பெயர்கள் தடையின்றி வந்தன. பாட்டியார் பெயரும் வந்தது. அடுத்து, "பாட்டனாரைப் பெற்றவர் பெயர்?" என்றார். ஆடவர் யாவரும் கடலை நோக்கினர். எம் பெரிய தந்தையார், "ஆத்தா என்றே அழைப்போம்" என்றார். அப்போது பின்னாற் பெண்டிரோடு நின்றிருந்த அன்னையாரின் குரல் அலையோசையைக் கடந்து எழுந்தது. பூட்டியார் பெயரைச் சொன்னார். அவருடைய மாமியார் பெயரையும் சொன்னார். அதனோடு அமையாது, "அவர்களுக்குப் பாகற்காய் ஆகாது; படையலில் வைத்துவிடாதீர்கள்!" என்றும் கூவினார். தாம் கண்ணாலும் காணாத ஒரு மூதாட்டியின் நாவுக்கு எது ஒவ்வாது என்பதை அவர் அறிந்திருந்தார். எவ்வாறு அறிந்தீர் என்று கேட்டோம். "நெல் குற்றும்போது என் மாமியார் சொன்னார்கள், அவர்களுக்கு அவர்கள் மாமியார் சொன்னார்கள்" என்றார்.

அன்று மாலையே தாள் ஒன்றை எடுத்து அவர் எதிரில் அமர்ந்தோம். அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். புகுந்த வீட்டு வழியிலும் பிறந்த வீட்டு வழியிலுமாக ஒன்பது பெண்டிர், ஒன்பது ஊர்.

இங்கே ஒன்று சிந்திக்கத்தக்கது. அன்னையார் கணவர் பெயரை ஒருபோதும் கூறவில்லை; அப்பெயரோ நிலப்பத்திரம், குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல் எங்கும் எழுதப்பட்டிருந்தது. அவர் கடற்கரையில் உரக்கக் கூறிய பெண்டிர் பெயர்களோ எவ்வேட்டிலும் இல்லை. அவர் வாய் ஒன்றே அவற்றிற்கு ஏடாக இருந்தது.

தாயர் பெயர் நம் நாட்டில் நிலைத்ததே இல்லை என்று சொல்லவில்லை. உத்தம சோழனைப் பெற்ற செம்பியன் மாதேவியார் நம் விருத்தாசலத்துத் திருக்கோயிலைக் கற்றளியாக்கினார். அவர் பெயர் கல்லில் நின்றது. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823 ஆம் ஆண்டிற் பிறந்த இராமலிங்க அடிகளால், அவரை ஈன்ற சின்னம்மையார் பெயர் நின்றது. கடலூரில் 1890 ஆம் ஆண்டிற் பிறந்த அஞ்சலையம்மாள், 1927 ஆம் ஆண்டில் நீலன் சிலையை அகற்றும் போராட்டத்திற் சிறுமியான தம் மகளையும் உடன்கொண்டு ஈடுபட்டுச் சிறை புகுந்தார். அவர் பெயர் அவர்தம் வீரத்தாலேயே நின்றது. அரசியாக வேண்டும், அன்றி, அருளாளரைப் பெற வேண்டும், அன்றி, சிறைக்கஞ்சா நெஞ்சு வேண்டும். இம்மூன்றும் இன்றி, நாள்தோறும் உலை வைத்து, பிள்ளைகளை வளர்த்து, உறவைக் காத்த தாயர்க்கு யாது இடம்?

நம் சங்கத்தார் இப்போது குடிவழிப் பதிவேட்டைப் புதுப்பித்து வருகின்றனர். நற்செயல். ஆனால் வீடுதோறும் வந்திருக்கும் படிவத்தில் மேல்நோக்கி ஏறும் கோடு ஒன்றே உள்ளது. அது தந்தையர் கோடு. தாயர்க்கும் ஒரு கோடு வரைதல் வேண்டும் என்பதே எம் விண்ணப்பம். "பெண்கள் வேறு வேறு ஊரிலிருந்து வந்தவர்கள், எல்லாம் எழுதினால் ஏடு பெருத்துவிடுமே" என்று ஒரு பெரியவர் எம்மிடம் கூறினார். பெருக்கட்டும், ஐயா! நம் உறவு அத்துணைப் பெரிது என்பது அதனாற் புலனாகும். சங்கம் என்பது உறவைச் சேர்ப்பதற்கன்றோ? அவ்வேலையை எம் அன்னையார் கட்டணமும் தீர்மானமும் இன்றி, ஆலப்பாக்கத்திற்கும் கிள்ளைக்கும் இடையே முடித்துவந்தார்.

இளைஞர்களே! உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பாட்டியார் இருப்பின் இன்றிரவே அவர் அருகில் அமருங்கள். அவரைப் பெற்றவர் பெயர், அவர் பிறந்த ஊர், அவர் விரும்பி உண்டது, அவர் வேண்டாம் என்றது எல்லாம் கேட்டு எழுதுங்கள். ஊரும் பெயரும் மட்டும் எழுதினால் அது பட்டியல். பாகற்காயையும் எழுதினால் அம்மூதாட்டி நம்மோடு அமர்ந்து உண்பார்.

அன்னையார் உரைத்த அத்தாளின் படி ஒன்றை இன்று செயலாளரிடம் ஒப்படைக்கின்றோம். அதில் ஒன்பது பெயர்களின் கீழே பத்தாவதாக எம் அன்னையார் பெயரை எழுதியுள்ளோம். பதிவேட்டில் அவற்றிற்கு இடம் அளிக்குமாறு வேண்டுகின்றோம்.