பணியிடத்திற்கு வந்துள்ள புதிய எழுத்தர்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் உதவித்தொகைக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



கழகத்தின் 25 ஆண்டுப் பணிகளைப் பற்றிப் பேச இம்மேடையில் தகுதியுடையோர் பலர் உள்ளனர். எங்களுக்கு அளிக்கப்பட்ட பொருள் பணியிடத்தில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பொறுப்போடு புகுத்துவது எப்படி என்பது. இப்பொருளில் நாங்கள் வல்லுநர் அல்லோம். ஆயினும் இதனை ஏற்றுக்கொண்டமைக்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு எங்கள் குழு இவ்வகையில் ஒரு தவறு செய்தது. அதனை முதலில் உங்கள் முன் வைத்துவிடுகிறோம்.

உதவித்தொகை கோரும் விண்ணப்பங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகின்றன. தொடக்கத்தில் ஒரு மாலைப் பொழுதில் படித்து முடித்தோம்; இன்று மூன்று வாரங்கள் ஆகின்றன. குழுவினர் யாவரும் பகலில் வேறு பணி பார்ப்பவர்கள். எங்கள் தொல்லையைக் கண்ட, கணிப்பொறி பயின்ற இளைஞர் ஒருவர் ஒரு வழி கூறினார். இதுவரை நாம் யாரைத் தேர்ந்தெடுத்தோம், யாரை விடுத்தோம் என்ற பதிவேடுகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிக்குப் பயிற்றுவித்தால், புதிய விண்ணப்பங்களுக்கு அதுவே மதிப்பெண் இட்டு வரிசைப்படுத்தும் என்றார். அவ்வாறே செய்தோம். மூன்று வார வேலை ஒரு பிற்பகலில் முடிந்தது. மிகவும் மகிழ்ந்தோம்.

பட்டியலின் மேற்பகுதியை மட்டும் அச்சிட்டுக் குழுவின் முன் வைத்தபோது, உறைகளைப் பிரித்து அடுக்கியிருந்த எங்கள் அலுவலக உதவியாளர் அம்மையார் அருகில் நின்றிருந்தார். "ஐயா, அம்மாவுக்கு உடம்பு முடியாம ரெண்டு வருஷம் படிப்ப விட்ட பொண்ணு ஒண்ணு எழுதியிருந்துச்சே, அது பேரு இதுல இல்லையே?" என்று கேட்டார். தேடினோம். பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இருந்தது அப்பெயர்.

அம்மாணவி பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றவர். தாயார் துப்புரவுத் தொழிலாளி. அவர் நோயுற்றதும் வீட்டு வேலையும், தாயார் பார்த்த வேலையும் மகளின் தலையில் விழுந்தன. இரண்டாண்டு கழித்துச் செவிலியர் படிப்பில் இடம் பெற்று, கட்டணத்திற்காக நமக்கு எழுதியிருந்தார். இக்கழகம் எவருக்காகத் தொடங்கப்பட்டதோ அவருள் ஒருவர் என்று சொல்வதில் தவறில்லை. அவருடைய உறையைத்தான் கருவி அடியில் வைத்தது.

ஏன் இவ்வாறு நேர்ந்தது? பழைய பதிவேடுகளைப் புரட்டினோம். இத்தனை ஆண்டுகளில், படிப்பு இடைநின்று மீண்டும் சேர்ந்தவர்களை நாங்களே மிகக் குறைவாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தோம். அப்படியொரு விதி எங்களிடம் இல்லை. எவரும் வாய்விட்டுச் சொன்னதுமில்லை. தொடர்ந்து படிப்பவனே படித்து முடிப்பான் என்ற எண்ணம் எங்களை அறியாமல் எங்கள் கையெழுத்துகளில் படிந்திருக்கிறது. எங்கள் கண்ணுக்குத் தெரியாத அவ்வழக்கத்தைக் கருவி கண்டுபிடித்துச் சட்டமாக்கிக்கொண்டது. அதன் மீது சினம் கொள்ள எங்களுக்கு உரிமை இல்லை. அது எங்கள் மாணவன், கற்பித்ததைக் கற்றது.

இக்கருவிகள் பெரும்பாலானவற்றின் இயல்பு இதுதான். நம்மைப் போல் காரணம் ஆராய்ந்து அவை முடிவு செய்வதில்லை. முன்னர் நடந்தவற்றில் எது எதனோடு சேர்ந்து வந்தது என்று கணக்கிட்டு, இனியும் அப்படியே ஆகுக என்கின்றன. நேற்றைய நாள் எவருக்கு இனியதாக இருந்ததோ அவருக்கு இது தொல்லை தராது. நம் நேற்றைய நாள் எப்படிப்பட்டது என்பதை இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை.

அமேசான் நிறுவனம் 2014 முதல் வேலை விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க இத்தகைய கருவி ஒன்றை உருவாக்கிப் பார்த்தது. முந்தைய பத்தாண்டு விண்ணப்பங்களைக் கொண்டு அது பயிற்றுவிக்கப்பட்டது. அவற்றுள் பெரும்பாலானவை ஆண்களுடையவை. ஆகவே 'மகளிர்' என்ற சொல் வரும் விண்ணப்பங்களை அது கீழே தள்ளியது. மகளிர் சதுரங்க மன்றத் தலைவியாக இருந்தேன் என்று ஒரு பெண் எழுதினால் அதுவே குறையாயிற்று. இரண்டு மகளிர் கல்லூரிகளில் பயின்றோரையும் அது குறைத்து மதிப்பிட்டது. திருத்திப் பார்த்தும் நம்பிக்கை பிறவாமல் நிறுவனம் அம்முயற்சியைக் கைவிட்டது. 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் இதனை வெளியிட்ட பின்னரே உலகம் அறிந்தது.

மகளிர் கல்லூரி என்ற இடத்தில் 'ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளி' என்று வைத்துப் பாருங்கள். நம் பிள்ளைகள் பலருடைய சான்றிதழில் உள்ள பெயர் அது. முகவரியில் 'காலனி' என்று இருக்கும். 2025இல் தமிழ்நாடு அரசு 'காலனி' என்னும் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. நம் மாணவர் விடுதிகளுக்கும் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் மாற்றியது. வரவேற்கிறோம். ஆனால் கருவிகள் படித்துவைத்திருக்கும் பழைய தாள்களில் பழைய சொற்கள் அப்படியே இருக்கின்றன. சாதி என்ற கட்டத்தைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டோம், இனி வேற்றுமை இல்லை என்று ஒரு நிறுவனம் கூறுமாயின், பள்ளிப் பெயரையும் தெருப் பெயரையும் என் செய்தீர்கள் என்று நாம் கேட்க வேண்டும். தனியார் நிறுவனங்களில் நமக்கு இடஒதுக்கீடு கிடையாது. நேர்முகத் தேர்வில் முகம் சுளித்தவரையாவது நாம் பார்க்கலாம். விண்ணப்பத்தைக் கருவி ஒதுக்கினால், ஒதுக்கப்பட்டோம் என்பதும் தெரியாது.

இது வீண் அச்சமன்று. 2025இல் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ என்ற அமெரிக்க இதழ், சாட்ஜிபிடியை இயக்கும் மொழி மாதிரி ஒன்றைச் சோதித்தது. கோடிட்ட இடத்தை 'தலித்', 'பிராமணர்' ஆகிய இரு சொற்களுள் ஒன்றால் நிரப்பச் சொல்லி 105 வாக்கியங்களைத் தந்தது. அவற்றுள் 80இல் கருவி பழைய சாதிப் பழிச்சொல்லுக்கு ஏற்பவே நிரப்பியது. தம் விண்ணப்பக் கடிதத்தின் ஆங்கிலத்தைச் செப்பம் செய்யக் கொடுத்த ஒரு தலித் ஆய்வாளரின் குடும்பப் பெயரையே அது உயர்சாதிப் பெயராக மாற்றித் தந்த செய்தியும் அதே கட்டுரையில் உண்டு. பெயரை மாற்றச் சொல்லி அவர் கேட்கவில்லை.

அப்படியானால் கருவியே வேண்டாம் என்று கூறுகிறோமா? இல்லை. 1945இல் வெளிவந்த 'காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதோருக்குச் செய்தது என்ன' என்னும் நூலில் அண்ணல் அம்பேத்கர் இயந்திரத்தைப் பழிப்போரோடு வாதிடுகிறார். உடலுழைப்பிலேயே வாழ்நாள் கழியும் மனிதனுக்கு ஓய்வும் பண்பாடும் கிட்ட இயந்திரம் இன்றியமையாதது என்பதும், தீமை இயந்திரத்தில் இல்லை, அதன் பயனைச் சிலரே கொள்ளும்படி அமைந்த சமுதாயத்தில் உள்ளது என்பதும் அவர் வாதம். 1893இல் இரட்டைமலை சீனிவாசனாரும், 1907இல் அயோத்திதாசப் பண்டிதரும் இதழ் தொடங்கியபோது அச்சியந்திரம் நமக்கு எட்டாப் பொருளாகத்தான் இருந்தது.

ஆனால் எந்த இயந்திரம் எந்தப் பணியிடத்திற்கு முதலில் வருகிறது என்பதை உற்று நோக்க வேண்டும். மலம் அகற்றும் பணியில் மனிதரை ஈடுபடுத்துவதைத் தடுக்க 1993இலும் 2013இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன; மலக்குழி இறப்புகள் நின்றபாடில்லை. ஆள் இறங்காமலே குழியைத் துப்புரவு செய்யும் 'பாண்டிகூட்' என்னும் இயந்திரம் 2018இல் திருவனந்தபுரத்தில் பயனுக்கு வந்தது. எல்லா ஊருக்கும் அது வந்து சேரவில்லை. சண்டிகர், நாக்பூர் மாநகராட்சிகளிலோ துப்புரவுத் தொழிலாளர் எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று காட்டும் கடிகாரம் அவர் கையில் கட்டப்பட்டது. உயிரைக் காக்கும் பொறி தாமதிக்கிறது. உளவு பார்க்கும் பொறி ஓடி வருகிறது. சண்டிகர்த் தொழிலாளர்கள் எதிர்த்துப் போராடினர். நியாயமே.

அரசு அலுவலகங்களில் பணிபுரியும் நம்மவர்க்கு ஒன்று கூறுகிறோம். தெலுங்கானாவில் பல துறைப் பதிவுகளை இணைத்துப் பார்க்கும் 'சமக்ர வேதிகா' என்ற கணிப்பொறி முறையைக் கொண்டு ஏழைகளின் உணவு அட்டைத் தகுதி முடிவு செய்யப்பட்டது. ஐதராபாத்தில் பெண் ஒருவருக்கு, அவர் கணவருக்குக் கார் இருந்தது என்று கூறி அட்டை மறுக்கப்பட்டது. கணவரோ ரிக்சா இழுத்தவர். கார் வேறொருவருடையது, பெயர்கள் ஒத்திருந்தன. தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது, குடும்ப அட்டையில் ஒரு விதமாகவும் மதிப்பெண் பட்டியலில் வேறு விதமாகவும் வருவதை நாம் அறிவோம். ழகரம் ஒன்று போதும், ஒரே ஆள் இருவராகிவிடுவார். இரத்தான அட்டைகளை மீண்டும் நேரில் சரிபார்க்க 2022இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று. திரையில் தோன்றியதை நம்பிக் கையொப்பமிட்ட எழுத்தர் கெட்டவர் என்று நாங்கள் நினைக்கவில்லை. அன்று மாலை எங்கள் குழு செய்ய இருந்ததும் அதே கையொப்பம்தான்.

இனி, கருவியைக் கொணர்வோர் செய்ய வேண்டியவை. 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பேற்ற அம்பேத்கர், அரசு, முதலாளி, தொழிலாளி ஆகிய முத்தரப்பும் ஒரே மேசையில் அமரும் மாநாட்டிற்கு அவ்வாண்டே தலைமை தாங்கினார். அந்த மேசை இங்கும் வேண்டும். கருவியை வாங்கிய பின் பயிற்சிக்கு அழைப்பது போதாது. வாங்குமுன் அதனோடு வேலை செய்யப்போகும் எழுத்தரையும் கடைநிலை ஊழியரையும் கேட்க வேண்டும். எங்கள் தவற்றைக் கண்டவர் கணிப்பொறியாளரும் அல்லர், தலைவரும் அல்லர். மனிதரின் வாழ்வைத் தீர்மானிக்காத வேலைகளில் முதலில் பழகலாம்: கூட்டக் குறிப்பைச் சுருக்குவது, ஆங்கில ஆணையைத் தமிழில் தருவது போன்றவை. அவற்றையும் ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டாக வேண்டும். 2023இல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி புனைந்து தந்த, இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. கருவி சொன்னது என்பது சாக்காகாது. ஒவ்வொரு முடிவின் கீழும் ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும். மறுக்கப்பட்டவருக்குக் காரணமும், முறையிட ஒரு மனிதரும் இருக்க வேண்டும். பிறருடைய சாதிச் சான்றிதழையும் ஆதார் எண்ணையும் மருத்துவச் சீட்டையும் பொதுக் கருவிகளில் இடுதல் கூடவே கூடாது. நாங்கள் எங்கள் பதிவேட்டை இட்டபோது பெயர்களை நீக்காமலே இட்டோம். அது எங்கள் இரண்டாவது தவறு.

இளைஞர்களே, தட்டச்சுத் தேர்வில் தேறி, எழுத்தராய் அமர்ந்து, குடும்பத்தின் முதல் மாதச் சம்பளத்தைக் கொண்டுவந்தவர்கள் இவ்வவையில் பலர் உள்ளனர். தட்டச்சு, தரவுப் பதிவு, மெய்ப்புத் திருத்தம் ஆகிய அந்த முதற்படிகளில்தான் இக்கருவிகள் முதலில் கால் வைக்கின்றன. இதற்கு எங்களிடம் ஆறுதல் இல்லை. கருவியை இயக்கவும், அதன் விடையைச் சோதிக்கவும், தவறென்று எழுத்தில் காட்டவும் தெரிந்தவராக நீங்கள் இருந்தால் மேசையில் ஓர் இருக்கையாவது கேட்கலாம். அதற்கென நம் நூலகத்தில் ஞாயிறுதோறும் மாலை வகுப்பு நடத்த முடிவு செய்துள்ளோம்.

அம்மாணவிக்கு உதவித்தொகை வழங்கப்பட்டது. அவர் படித்து வருகிறார். ஆனால் பழைய பதிவேடுகளில், கருவி எதுவும் இல்லாத காலத்தில், எங்கள் கையாலேயே ஒதுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயர்களைத் தனியே எடுத்து, இன்றும் படிக்க விருப்பமிருந்தால் வருமாறு பழைய முகவரிகளுக்குக் கடிதம் எழுதினோம். சில கடிதங்கள் திரும்பி வந்துவிட்டன. திரும்பிய உறைகள் கழக அலுவலகத்தில் உள்ளன. தெருவும் ஊரும் அறிந்த உறுப்பினர்கள் வந்து பார்த்து, அவர்கள் இப்போது இருக்குமிடம் தெரிந்தால் கூற வேண்டுகிறோம்.