வட மாகாணமும் அதன் மக்களும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலிக்குச் செல்லும் பெருந்தெருவிலே, கோண்டாவிலைக் கடந்ததும் உரும்பிராய் எதிர்ப்படும். மேலே செம்பாட்டு மண், கீழே சுண்ணக்கல், தோட்டந்தோறும் கிணறு. இவ்வூர்க் கமக்காரர் ஒருவரை யாழ்ப்பாண நகரிலே 'எந்த ஊர்?' என வினவினால் 'உரும்பிராய்' என்பார். கொழும்பிலே வினவினால் 'யாழ்ப்பாணம்' என்பார். அரசாங்கப் படிவத்திலோ 'வட மாகாணம்' என எழுதுவார். மூன்றும் உண்மையே. எனினும் மூன்றாவது பெயர் மற்ற இரண்டிற்கும் இளையது. ஆட்சியாளரின் கட்டளையிலே பிறந்தது.

கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைப்படி 1833ஆம் ஆண்டிலே பிரித்தானியர் இலங்கையை ஐந்து மாகாணங்களாக வகுத்தனர். அன்றைய வட மாகாணம் அநுராதபுரத்தை உள்ளடக்கிய நுவரகலாவியையும் தன்னகத்தே கொண்டிருந்தது. கண்டி இராச்சியத்தின் பழைய ஒருமையைக் கலைப்பதே அவ்வகுப்பின் நோக்கங்களுள் ஒன்று. 1873இலே வடமத்திய மாகாணம் உருவானபோது நுவரகலாவி பிரிந்தது. 1988இலே வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக இணைக்கப்பட்டன. 2006இலே உயர் நீதிமன்றம் அவ்விணைப்புச் செல்லாதெனத் தீர்த்தமையால், 2007 முதல் அவை மீண்டும் இரண்டாயின. வட மாகாண சபைக்கான முதற் தேர்தல் 2013 செப்டெம்பரில் நடைபெற்றது.

இன்றைய மாகாணம் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா என ஐந்து மாவட்டங்களைக் கொண்டது. பரப்பு 8,884 சதுர கிலோமீற்றர். இலங்கையின் ஏழில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவு. ஆனையிறவுக்கு வடக்கே குடாநாடு. அங்கு ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. தெற்கே காடும் குளமும் வயலுமாக விரியும் வன்னி. ஒரே மாகாணத்துள் கிணற்றை நம்பிய வாழ்வும் குளத்தை நம்பிய வாழ்வும் அருகருகே அமைந்துள்ளன.

மக்கள் தொகைக் கணக்கு ஒரு துயர வரலாற்றைச் சொல்கிறது. 1981இலே இம்மாகாணத்தில் ஏறத்தாழ 11 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே அத்தொகை 10 இலட்சத்து 60 ஆயிரம் அளவாயிற்று. அதே காலத்தில் நாட்டின் மொத்தத் தொகையோ ஒரு கோடியே 48 இலட்சத்திலிருந்து இரண்டு கோடியே 3 இலட்சமாக உயர்ந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்டோபரின் இறுதியில் உரும்பிராய் உள்ளிட்ட வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்குப் பெருந்திரளாக இடம்பெயர்ந்தனர். கடல்கடந்து சென்றோர் பலர். இதன் பயன் பாராளுமன்றத்திலும் தெரிந்தது: யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திற்கு 2010இல் 9 ஆசனங்கள், 2024இல் 6.

வரைபடத்துக் கோட்டினால் மக்களுக்கு ஒருமை உண்டாகுமோ? பிரான்சு நாடு இதற்கோர் எடுத்துக்காட்டு. 2016 சனவரி முதல் அதன் பெருநிலப் பிராந்தியங்கள் கோர்சிக்கா உட்பட 22இலிருந்து 13ஆகக் குறைக்கப்பட்டன. அல்சாசு, லொரேன், சம்பாஞ்-ஆர்தென் ஆகிய மூன்றும் 'கிராண்ட் எஸ்ட்', அதாவது பெருங்கிழக்கு, என்ற ஒன்றாயின. திசை ஒன்று ஊரின் பெயராவதை அல்சாசியர் பலர் விரும்பவில்லை. 2021இலே, பெருங்கிழக்கின் உள்ளேயே, அல்சாசு என்ற பெயரோடு தனி உள்ளூராட்சி அமைப்பு ஒன்று தோன்றியது.

'வடக்கு' என்பதும் திசைப் பெயரே. ஆயினும் ஒன்றாய் இழந்ததும் ஒன்றாய் மீண்டதும் அதற்கு உயிரூட்டியுள்ளன. அவ்வொருமைக்குச் சோதனையும் வந்தது. வலிகாமத்தின் நன்னீர், மழையாய் விழுந்து சுண்ணக்கல்லுள் ஊறி, உவர்நீரின்மேல் மிதந்து நிற்பது. நிலாவரைக் கேணியிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனைக் காட்டும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். மிகையாக இட்ட உரமும் கிணற்றையே சேரும். ஆகவே இரணைமடுக் குளத்து நீரைக் குடாநாட்டிற்குக் கொணரத் திட்டமிட்டபோது, கிளிநொச்சிக் கமக்காரர் தம் வயல்களுக்கு அஞ்சி எதிர்த்தனர். முடிவிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் அமைக்கப்பட்டு 2024இலே திறக்கப்பட்டது.

உரும்பிராயின் தாகமும் கிளிநொச்சியின் வயலும் ஒரே மாகாணத்தின் இரு கவலைகள். ஒருவர் கவலையை மற்றவர் தமதாய் எண்ணும் அளவிற்கே வட மாகாணம் என்ற பெயர் படிவத்தை விட்டு மக்கள் நெஞ்சிலே குடியேறும்.