ஒரே கிணற்றின் இரண்டு படங்கள்

(வடபகுதிக் கிராமம் ஒன்றில் கமக்காரரும் வாசிகசாலையினரும் சேர்ந்து நடத்திய கூட்டத்திற் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



வெளிநாட்டிலிருந்து வரும் தருமத்தைப்பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்திருக்கின்றீர்கள். தருமத்தின் சிறப்பை எடுத்துரைக்க நம் நாட்டிற் பிரசங்கிமாருக்குக் குறைவில்லை. ஆதலால் அதனை அவர்களுக்கே விட்டுவிட்டு, தருமத்தின் கணக்கைப்பற்றிச் சிறிது பேசலாமென எண்ணுகின்றோம். கணக்கு என்றதும் முன்வரிசையில் இரண்டொருவர் முகஞ்சுளிப்பதைக் காண்கின்றோம். பொறுத்தருள வேண்டும், நீதிமன்றத்தில் இருபது ஆண்டுகள் நின்ற வாய்க்கு வேறு பேச்சு எளிதில் வருவதில்லை.

சில காலத்துக்கு முன்னர் எம்மிடம் ஆலோசனைக்கு ஒரு விடயம் வந்தது. சம்பந்தப்பட்டோரின் அனுமதியுடனேயே கூறுகின்றோம். ஊரையும் பேரையும் மாத்திரம் கேளாதீர்கள். ஒரு கிராமத்திலே தூர்ந்து கிடந்த பொதுக்கிணறு ஒன்றைத் திருத்துவதற்கு இலண்டனில் வாழும் அவ்வூரவரின் சங்கம் பணம் அனுப்பியது. கிணறு இறைக்கப்பட்டது, கட்டும் கட்டப்பட்டது, படம் எடுத்து அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்து அதே கிணற்றின் படம் ஒன்று, மறுபக்கத்தில் நின்று எடுக்கப்பட்டது, கனடாவிலுள்ள வேறொரு சங்கத்துக்குப் போயிற்று. அங்கிருந்தும் பணம் வந்தது. இரண்டாவது படத்திற் கிணற்றுக்கட்டில் இருந்த பெயர்ப்பலகை வேறு. ஆனால் கிணற்றோரத்தில் வளைந்து நின்ற தென்னையை மாற்ற முடியவில்லை. சிறுவயதில் அந்தத் தென்னையடியில் நின்று தண்ணீர் அள்ளிய ஒரு பெண்மணி, கனடாவிலிருந்தபடி கைத்தொலைபேசியில் இரண்டு படங்களையும் பார்த்துவிட்டார்.

அதன்பின் நடந்ததை இக்காலத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே இரவிற் செய்தி ஐந்து நாடுகளைச் சுற்றி வந்தது. வாட்சப் குழுக்களில் அவ்வூரவர் அனைவரும் கள்ளர் ஆயினர். இரு சங்கங்களும் கையை மடக்கிக்கொண்டன. கிணற்றுக்கும் இவ்விடயத்துக்கும் யாதொரு சம்பந்தமுமில்லாத பதினொரு பிள்ளைகளுக்கு மாதந்தோறும் வந்துகொண்டிருந்த படிப்புச் செலவுப் பணமும் நின்றது.

இனி நீங்கள் எதிர்பாராத ஒன்றைக் கூறுகின்றோம். பணம் பெற்ற காரியதரிசியை எமது அலுவலகத்துக்கு அழைத்து, பற்றுச்சீட்டுகள் முழுவதையும் மேசையிற் பரப்பிவைத்துப் பார்த்தோம். அம்மனிதர் ஒரு சதமேனும் தமக்கென எடுக்கவில்லை. கனடாப் பணத்தில் வாசிகசாலைக்குக் கூரை போட்டிருக்கின்றார். மரத்துக்கும் தகரத்துக்கும் தச்சர் கூலிக்கும் சீட்டு இருந்தது. "ஐயா, கூரை என்று கேட்டால் ஒருவரும் தருகின்றார்களில்லை; கிணறு என்றால் உடனே தருகின்றார்கள். நான் செய்ததில் யாருக்கு என்ன நட்டம்?" என்று அவர் எம்மைக் கேட்டார். உண்மையைச் சொல்கின்றோம், அவ்வேளையில் எமக்கு உடனே விடை வரவில்லை.

விடை தேடியபோது எமது நினைவுக்கு வந்தது அமெரிக்காவிலும் பாக்கிஸ்தானிலும் நடந்த ஒரு கதை. அதனைச் சிறிது விரித்தே கூற வேண்டும்.

கிறெக் மோர்ட்டென்சன் என்னும் அமெரிக்கர் 1993 ஆம் ஆண்டில் கே-2 என்னும் மாமலையில் ஏற முயன்று தோற்றுத் திரும்பினார். வரும் வழியில் தனியராய் வழிதவறி, பால்ற்றிஸ்தானில் உள்ள கோர்பே என்னும் சிற்றூரை அடைந்ததாகவும், அவ்வூர் ஏழைமக்கள் தம்மைப் பேணிக் காத்ததாகவும், அந்நன்றிக்காக அவர்களுக்குப் பள்ளிக்கூடம் கட்டித் தருவதாக வாக்களித்ததாகவும் அவர் கூறினார். 1996 ஆம் ஆண்டில் மத்திய ஆசிய நிறுவனம் என்ற தரும நிறுவனம் அமைந்தது. 2006 இல், எழுத்தாளர் ஒருவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட 'மூன்று கோப்பை தேநீர்' என்னும் நூல் இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. அமெரிக்கப் பள்ளிப்பிள்ளைகள் செப்புக்காசுகளைச் சேர்த்து அனுப்பினார்கள். சனாதிபதி ஒபாமா தமக்குக் கிடைத்த நோபல் பரிசுப் பணத்திலிருந்து ஒரு இலட்சம் டொலரை 2010 இல் இந்நிறுவனத்துக்கு வழங்கினார்.

2011 சித்திரையில் எல்லாம் கலைந்தது. ஜோன் கிராக்கவர் என்னும் மலையேறியும் எழுத்தாளருமான ஒருவர், தாமே முன்னர் 75,000 டொலருக்குமேல் இந்நிறுவனத்துக்குக் கொடுத்தவர், கதையிற் பல பகுதிகள் பொய்யென எழுதினார். '60 நிமிடங்கள்' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியும் அவ்வாறே கூறியது. 1993 இல் மோர்ட்டென்சன் கோர்பேக்குப் போகவேயில்லை என்று உடன்சென்ற சுமைகாரர்கள் சொன்னார்கள். நிறுவனத்தின் பள்ளிக்கூடங்களென்று சொல்லப்பட்டவற்றில் ஏறத்தாழ முப்பதைத் தொலைக்காட்சியினர் சென்று பார்த்தபோது, சில நன்றாய் நடந்தன. பாதியளவானவை வெறுமையாகவோ, வேறொருவர் கட்டியவையாகவோ, உதவி எதுவும் பெறாதவையாகவோ இருந்தன. காலவரிசை சுருக்கப்பட்டதென்பதை மோர்ட்டென்சன் ஒப்புக்கொண்டார். கதை பொய்யென்பதை ஒப்புக்கொள்ளவில்லை.

மொன்ரானா மாநிலத்தின் சட்டமா அதிபர் விசாரித்து 2012 இல் அறிக்கை வெளியிட்டார். நிறுவனத்தின் பணிப்பாளர் சபையில் இருந்தோர் மூவர். அம்மூவருள் மோர்ட்டென்சன் ஒருவர். அவரது நூல்களை வாங்குவதற்கே நிறுவனம் ஏறத்தாழ 40 இலட்சம் டொலரைச் செலவிட்டிருந்தது. அவற்றை விளம்பரப்படுத்த அதனிலும் அதிகம். நூலுக்குரிய உரிமைப்பணம் போனதோ ஆசிரியர் கைக்கு. முடிவில் அவர் பத்து இலட்சம் டொலருக்குமேல் நிறுவனத்துக்குத் திருப்பிக் கட்ட வேண்டுமென்றும், சபை பெருப்பிக்கப்பட வேண்டுமென்றும் இணக்கம் காணப்பட்டது. அதே சட்டமா அதிபர், நிறுவனத்தின் நோக்கம் நல்லதென்றும், அது செய்த வேலை பெறுமதி வாய்ந்ததென்றும் கூறத் தவறவில்லை. கோர்பேயில் உண்மையாகவே ஒரு பள்ளிக்கூடம் எழுந்தது.

நமது காரியதரிசியின் கூரையும் உண்மையான கூரைதான்.

சட்டம் பயின்றோருக்கு இவ்விடயத்தில் ஒரு சுவையான பகுதி உண்டு. நூலைப் பணங்கொடுத்து வாங்கி ஏமாந்தோம் என்று வாசகர் சிலர் வழக்குத் தொடர்ந்தனர். 2012 இல் அது தள்ளுபடியாயிற்று. 2013 இல் மேன்முறையீடும் தோற்றது. சட்டமா அதிபர் தருமப் பணத்தைக் காக்கலாம். ஏமாந்த வாசகனுக்கோ நீதிமன்றத்திற் பரிகாரம் கிட்டவில்லை. கொடுத்தவன் நிலை இது. அப்படியானால், எந்தப் பிள்ளைகளின் பேரால் இத்தனை பணமும் சேர்க்கப்பட்டதோ அந்தப் பால்ற்றிப் பிள்ளைகள் எங்கே போய் முறையிடுவர்? மொன்ரானாவில் நடந்த எந்த நடவடிக்கையிலும் அவர்கள் கட்சிக்காரர் அல்லர்.

இன்னுமொன்று. 1996 இல் வசீரிஸ்தானில் தலிபான்கள் தம்மைக் கடத்திச்சென்றதாக மோர்ட்டென்சன் எழுதி, அவர்களுடைய படமென்று ஒன்றையும் பின்னர் வெளியிட்டார். அப்படத்தில் இருந்தவர்களைத் தேடிக் கண்டபோது, தாங்கள் அவரைக் கடத்தவில்லை, விருந்தினராக வைத்திருந்தோம் என்றார்கள். அவர்களுள் ஒருவர் இஸ்லாமாபாத்திலே ஆய்வு நிறுவனம் ஒன்றிற் பணிபுரியும் கற்றறிந்த மனிதர். விருந்திட்டவன், உலகத்தார் முன்னிலையில் ஆட்கடத்துபவன் ஆனான்! காரியதரிசியின் வினாவுக்கு எமக்கு விடை கிடைத்தது இங்கேதான். யாருக்கு நட்டம் என்று கேட்டீரல்லவா? உமது ஊருக்கு நட்டம். பொய்க்கதை சொல்லப்படுபவனின் நற்பெயர் அவனுக்குத் தெரியாமலே செலவாகின்றது. அதற்குப் பற்றுச்சீட்டும் இல்லை.

நம் நாட்டுச் சட்டத்தைச் சற்றுப் பாருங்கள். 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, வழிபாட்டிடம் ஒன்றில் அக்கறையுடைய ஐவர் சேர்ந்து, சட்டம் குறிக்கும் நிபந்தனைகளை நிறைவேற்றியபின், தருமகர்த்தாவின்மேல் மாவட்ட நீதிமன்றில் வழக்கிடலாம். நம்மூர்க் கோயில்கள் சிலவற்றில் இந்த ஐவர் என்றும் ஆயத்தமாய் இருக்கின்றார்கள் என்பதும், அதனால் எமது தொழில் ஓரளவு தழைத்ததென்பதும் நீங்கள் அறியாததன்று. ஆயினும் அதன் பொருளை நோக்குங்கள். உண்டியலிற் காசு போட்டவனும் சுவாமியை வணங்குபவனும் அங்கே ஒருவனே, அவன் கேட்கலாம். கடல்கடந்து வரும் தருமத்திலோ கொடுப்பவன் ஓரிடம், பெறுபவன் வேறிடம், இருவரும் சந்திப்பதில்லை. நடுவில் நிற்பவனின் சொல் ஒன்றே இருவருக்கும் ஆதாரம். முன்னர் அச்சொல் கடிதத்தில் வந்தது; இப்போது படமாகவும் ஒளிப்பதிவாகவும் நொடியில் வருகின்றது. வேகம் கூடியதேயன்றி ஆதாரம் கூடவில்லை.

நேர்மையானவர்களும் உலகில் இருக்கின்றார்கள். 2004 மார்கழி 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நமது கரையோரத்தை அழித்ததை நாம் மறக்கவில்லை. உலகமெங்கும் பணம் திரண்டது. அப்போது எல்லைகளற்ற மருத்துவர்கள் என்னும் அமைப்பு ஒரு புதுமை செய்தது. அலை வந்து பத்து நாட்களாகுமுன்னரே, இப்பேரிடருக்கென நாம் செய்யக்கூடிய வேலைக்குப் போதிய பணம் சேர்ந்துவிட்டது, இனி இதற்கென அனுப்பாதீர்கள் என்று பகிரங்கமாக அறிவித்தது. மற்றைய தரும நிறுவனங்கள் சில சினந்துகொண்டன. பின்னர் அவ்வமைப்பு, பணங்கொடுத்தவர்களுக்கு எழுதி, மிகுதியை வேறு நாடுகளிற் துன்புறுவோருக்குச் செலவிடலாமா என்று கேட்டது. விருப்பமில்லாதவர் திருப்பிப் பெறலாம் என்றது. மிகப்பெரும்பாலோர் இணங்கினர், திருப்பிக் கேட்டவர் மிகச் சிலரே. நமது போர்க்காலத்திற் பருத்தித்துறை வைத்தியசாலையிற் கத்தி பிடித்த அதே அமைப்புத்தான் இது.

நமது காரியதரிசி செய்திருக்க வேண்டியதும் இதுவேயன்றோ? "கிணறு முடிந்தது, கூரை ஒழுகுகின்றது, தருவீர்களா?" என்று கேட்டிருக்கலாம். தந்திருப்பார்களோ என்னவோ! தராமலும் விட்டிருக்கலாம். அந்தச் சாத்தியத்தை ஏற்க அவருக்கு மனம் வரவில்லை.

தவறியவர் திருந்துவதற்கும் ஒரு முன்மாதிரி உண்டு. எந்தத் தருமத்துக்குக் கொடுத்தாற் பணம் மெய்யாகவே பயன்படும் என்று ஆராய்ந்து கூறுவதற்கென, 'கிவ்வெல்' என்னும் அமைப்பு 2007 இல் அமெரிக்காவில் தோன்றியது. அவ்வாண்டின் கடைசியில் அதன் நிறுவனர்களுள் ஒருவர், பலர் கூடி உரையாடும் இணையமன்றம் ஒன்றிலே, தருமம் செய்ய நல்ல ஆலோசனை எங்கே கிடைக்கும் என்று புனைபெயரிற் கேட்டார். பிறகு வேறு பெயரில் வந்து, கிவ்வெல்லை நாடுங்கள் என்று தாமே விடையும் சொன்னார். பிறருடைய ஒளிவுமறைவை அளக்க வந்தவர் இப்படிச் செய்தார். அம்மன்றத்தினர் சில மணி நேரத்திற் கண்டுபிடித்துவிட்டனர். பணிப்பாளர் சபை அவரைத் தலைமைப் பதவியினின்றும் இறக்கி, தண்டப்பணமும் விதித்தது. இவ்வளவும் எங்கும் நடக்கக்கூடியது. ஆனால் அவ்வமைப்பு இக்குற்றத்தை மறைக்காமல், தான் விட்ட பிழைகளுக்கென ஒரு பட்டியலைத் திறந்து, அதில் இதனையும் எழுதி எவரும் பார்க்க வைத்தது. பின்னர் நம்பிப் பணங்கொடுத்தவர்கள் அதனைப் படித்துவிட்டே கொடுக்கக்கூடியதாயிருந்தது.

அரசியற்காரனாகவும் ஒரு சொல் சொல்ல வேண்டும். அதற்கன்றி இப்பத்திரிகை இவ்வுரையைப் பிரசுரிக்கவும் போவதில்லை. தன்னார்வ சமூகசேவை அமைப்புகளைப் பதிவுசெய்து மேற்பார்வை செய்வதற்கு 1980 இல் நம் நாட்டிற் சட்டம் இயற்றப்பட்டது. கணக்குக் கேட்பதைத் தவறென்று நாம் கூறோம். எனினும் தமிழர் கையிலுள்ள பணத்தை அரசு எந்தக் கண்ணோடு பார்த்து வந்திருக்கின்றது என்பதை உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டுமா? இரண்டு படங்களை வைத்து ஓர் ஊரைக் கள்ளர் ஊர் ஆக்கலாமெனின், அதே இரண்டு படங்களை வைத்து எல்லா ஊர்ச் சங்கங்களின் வாசலையும் தட்டலாம். அதற்கு நாமே சாவி கொடுக்கலாகாது.

ஆகவே இக்கூட்டத்தின் முன் ஒரு தீர்மானத்தை வைக்கின்றோம். எந்த ஊருக்குப் பணம் வருகின்றதோ அந்த ஊரில், பணம் அனுப்பியவருக்குக் கணக்குப் போகுமுன்னர், தமிழில் எழுதிய வரவுசெலவு வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ சத்தமாய் வாசிக்கப்படல் வேண்டும். யாருடைய பேரால் பணம் கேட்கப்பட்டதோ அவர்கள் அங்கே இருத்தல் வேண்டும். அப்பிள்ளைகளின் முகத்தைப் படம் பிடித்து ஊர்சுற்ற விடுவதாயின், அவர்களின் தாய்மார் கேட்டுச் சம்மதித்தபின்னரே விடுதல் வேண்டும். காரியதரிசியும் தனாதிகாரியும் ஒரே வீட்டுக்காரராய் இருத்தலாகாது. இதனைச் சொல்லும்போது யார் யாரைப் பார்க்கின்றார்கள் என்பதை நாம் கவனிக்கவில்லை.

கிணற்று விடயம் என்னாயிற்று என்று கேட்பீர்கள். காரியதரிசி தமது கையாலேயே இரு சங்கங்களுக்கும் நடந்ததை எழுதினார். கடிதத்தை நாம் திருத்திக்கொடுக்க முன்வந்தும் அவர் இசையவில்லை; பிழைகளோடேயே போயிற்று. கனடாச் சங்கம், கூரை இருக்கட்டும், கிணற்றிலுள்ள எங்கள் பலகையைக் கழற்றிவிடுங்கள் என்று எழுதியது. பலகை கழற்றப்பட்டது. இலண்டன் சங்கம் நான்கு மாதம் மௌனமாயிருந்து, பின்னர் ஒருவரை நேரில் அனுப்பியது. வந்தவர் வாசிகசாலையின் புதிய கூரையின்கீழ் இருந்து, சுவரில் ஒட்டப்பட்ட கணக்கை வரிவரியாகப் படித்துப் பார்த்தார். பதினொரு பிள்ளைகளில் ஏழு பேருக்குப் பணம் திரும்பவும் வருகின்றது. நாலு பேருக்கு இன்னும் வரவில்லை.