தாரமங்கலத்து வாலியும் நம் ஊர்க் கோயில் வாசலும்

(எடப்பாடியில் நடந்த இளைஞர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலைப் பார்க்காதவர்கள் இங்கே குறைவு. கெட்டி முதலிகள் கட்டியது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். யானையும் குதிரையும் இழுக்கும் தேர் மாதிரி ராஜகோபுரத்தின் அடிப்பகுதி, கல்லிலேயே செதுக்கிய சங்கிலி, யாளியின் வாய்க்குள் உருளும் கல் உருண்டை. மலையை வெட்டியவர்கள், கல்லை இழுத்தவர்கள், உளி பிடித்தவர்கள் பெயரை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தக் கோயிலில் என்னை நிறுத்தி வைத்தது இரண்டு தூண்கள். ஒன்றில் வில்லோடு இராமன். இன்னொன்றில் வாலி. இராமன் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி இருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் இராமன் தெரியமாட்டான். சிற்பியின் திறமை என்று எல்லோரும் வியக்கிறோம். எனக்கு அது நம் ஊர்ச் சாதியாகவும் தெரிகிறது. அம்பு விழுகிறது, எய்தவன் தெரிவதில்லை.

1947-லேயே சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்துவிட்டது. அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதனால் இன்றைக்கு யாரும் "சாதிக்காகத்தான் தடுக்கிறோம்" என்று வெளிப்படையாகச் சொல்வதில்லை. "ஊர் வழக்கம்", "எங்கள் குலதெய்வம்", "சட்டம் ஒழுங்குப் பிரச்சினை" என்கிறார்கள். கடைசியில் கோயிலுக்குப் பூட்டு விழுகிறது. 2024 மே மாதம் தீவட்டிப்பட்டியில் மாரியம்மன் கோயிலில் வழிபடும் உரிமை கேட்டதை ஒட்டிக் கலவரம் நடந்தது, கடைகள் எரிந்தன. அதற்கும் "இரு தரப்பு மோதல்" என்றுதான் பெயர் வைத்தார்கள்.

சேலம் பக்கம் திருமலைகிரியை நினைத்துப் பாருங்கள். 2023 ஜனவரியில் மாரியம்மன் கோயிலுக்குள் போன பட்டியல் சாதி இளைஞரை, ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளராக இருந்தவர் ஊர் முன்னால் நிறுத்தித் திட்டினார். அது காணொளியாக வெளியே வந்தது. அவர் கைதானார், கட்சியும் இடைநீக்கம் செய்தது. எய்தவர் முகம் தெரிந்ததால்தான் அவ்வளவும் நடந்தது.

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனால் கும்பிடப் போகிற என் அத்தையை வாசலில் நிறுத்த எவருக்கும் உரிமை இல்லை. அதனால் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கோயில் கதவு அடைபட்டால், யார் அடைத்தது, எந்தச் சட்டப்படி அடைத்தது என்று எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். "வழக்கம்" என்று வாயால் சொல்கிறவர், அதைக் கையெழுத்துப் போட்டுச் சொல்லட்டும்.

தாரமங்கலத்து வாலிக்குத் தூணை விட்டு வர முடியாது. நாம் நகர்ந்து நின்று பார்க்கலாம். எய்தவனை எல்லோருக்கும் காட்டலாம்.

ஜெய்பீம்.