மழையும் எங்கள் மதிற்சுவரும்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைச் சிற்றாலய ஆயர் ஆற்றிய உரை)



நோயாளிகளைப் பற்றிப் பேசும்படிதான் செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆனால் காலையிலிருந்தே மேகம் கறுத்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆகையால் எங்கள் வீட்டைப் பற்றிச் சிறிது நேரம் பேச அனுமதி கேட்கிறேன்.

டொரொன்டோவில் இருக்கும் என் மகள் ஜனவரி மாதம் வந்தால் பனி மூடிய வாசலைப் படம் எடுத்து அனுப்புவாள். "அப்பா, இந்த வருஷம் ரொம்ப அதிகம்" என்பாள். நம்முடைய பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் அதற்கு 'உறைந்த மழை' என்று பெயர். மார்கழிக் காலையில் புல்லில் நிற்கும் துளியைத்தானே நாம் பனி என்கிறோம்! 1 செ.மீ. மழைக்குரிய நீர் பனியாக விழுந்தால் ஏறக்குறைய 10 செ.மீ. உயரம் நிற்குமாம். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அது உறைந்து விழுந்திருந்தால் 16 அடி உயரம் நின்றிருக்கும். மகளிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். அதன்பின் அவள் படம் அனுப்புவதைக் குறைத்துக்கொண்டாள். அவர்கள் ஊர்ப் பனி வாசலோடு நின்றுவிடும். நம் மழை உத்தரவு கேட்காமல் உள்ளே வரும்.

எங்கள் வீடு கோவிலம்பாக்கத்தில், 200 அடி ரேடியல் சாலைக்குச் சற்று உள்ளே இருக்கிறது. மனை வாங்கினபோது ஏரிக்காற்று வரும் என்று தரகர் சொன்னார். காற்றும் வந்தது. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் தண்ணீர் நாராயணபுரம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலம். பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் பக்கம் கடலுக்கு. ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் இருந்த அந்தச் சதுப்பு நிலம் இன்று பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. ரேடியல் சாலையே ஏரிகளின் ஊடாகத்தான் போகிறது. நடுவில் வீடு கட்டியவர்களில் நானும் ஒருவன்.

2015 நவம்பர் முழுவதும் மழை. நுங்கம்பாக்கத்தில் அந்த ஒரே மாதத்தில் 100 செ.மீ.க்கு மேல் பெய்தது. ஏரிகள் ததும்பி நிற்கும் வேளையில் டிசம்பர் 1 வந்தது. அன்று மாலைதான் வாசலில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் கட்டியிருந்தேன். இரவு பதினொரு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள்.

தட்டியவர் எங்கள் பின்வீட்டு அக்கா. நம் மருத்துவமனையில் ஆயாவாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஓட்டு வீடு, தாழ்வான தரை. முதலில் அவர் வீட்டில்தான் தண்ணீர் ஏறியது. தன் பெட்டியை எடுக்காமல், மகனையும் டார்ச் விளக்கையும் கூட்டிக்கொண்டு எங்களிடம் ஓடி வந்திருந்தார்.

"ஐயா, எழுந்திருங்க. தண்ணி வருது, பாட்டியத் தூக்கணும்."

என் தாயாருக்கு அப்போது 84 வயது. படுத்த படுக்கை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, அக்காவும் மகனும் இரண்டு பக்கமும் பிடித்து, இடுப்பளவு தண்ணீரில் எதிர் மாடி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் பின்னால் குடை பிடித்துக்கொண்டு போனேன். அந்த மழைக்குக் குடை எதற்கு என்று இன்றுவரை என் மனைவி கேட்கிறார். மாடி வீட்டு பாய் குடும்பத்தோடு ஒரே அறையில் 11 பேர், இரண்டு இரவு. மின்சாரம் இல்லை, போன் இல்லை. அரை லிட்டர் பால் 100 ரூபாய்க்கு விற்றது. முப்பது வருடப் பிரசங்கக் குறிப்புகள் ஊறிப்போயின. சபையார் யாரும் அதற்காக அதிகம் வருந்தியதாகத் தெரியவில்லை.

இனி இப்படி நேரக்கூடாது என்று தீர்மானித்தேன். கடன் வாங்கி, ஜாக்கி வைத்து வீட்டை மூன்றடி தூக்கினோம். லாரி லாரியாக மண் கொட்டி மனையை மேடாக்கி, சுற்றிலும் சிமெண்டுத் தளம் போட்டு, பின்பக்கம் திறந்து கிடந்த இடத்தில் மதிற்சுவரும் எழுப்பினேன். எல்லாரும் செய்வதுதான். வீட்டு ஜெபத்தில் அதற்கு ஸ்தோத்திரமும் சொன்னோம்.

2023 டிசம்பர் 3, அட்வெந்து முதல் ஞாயிறு. மிக்ஜாம் புயல் கடலில் மெதுவாக நகர்ந்து இரண்டு நாள் கொட்டியது. எங்கள் பகுதி முழுக்க வெள்ளம். எங்கள் வீட்டில் ஒரு சொட்டு இல்லை. திங்கட்கிழமை காலை காப்பி குடித்துக்கொண்டே மாடிக்குப் போனேன். மதிலுக்கு அப்பால் பார்த்தேன்.

அக்கா வீட்டில் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. 2015-இல்கூட அந்த உயரம் இல்லை. அவர் பக்கத்துத் தண்ணீர் முன்பெல்லாம் எங்கள் மனை வழியாகத்தான் கீழே ஓடும். அந்த வழியில் நான் சுவர் கட்டியிருந்தேன்.

அக்காவும் மகனும் கட்டிலின்மேல் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் கூப்பிட்டேன். எனக்கு முன்பாக அவர்தான் கேட்டார்:

"ஐயா, உங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா?"

"இல்லக்கா."

"அது போதும் ஐயா."

வார்டில் எத்தனையோ பேருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறேன். அன்று எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. ஏணி போட்டுச் சுவர் வழியாக இருவரையும் எங்கள் வீட்டுக்கு ஏற்றினோம். ஆறு நாள் இருந்தார்கள். சுவரைப் பற்றி அக்கா ஒரு நாளும் பேசவில்லை. நான்தான் ஏழாம் நாள் கொத்தனாரைக் கூப்பிட்டேன். "தூக்கின கடனே இன்னும் முடியலையே" என்றார் மனைவி. பிறகு அவரே கொத்தனாருக்கு இடத்தைக் காட்டினார். சுவரில் ஆறடி இடித்தோம். பக்கவாட்டுத் தளத்தை வெட்டி, மண்ணைத் தோண்டி, தெருக்கால்வாய் வரை ஒரு வாய்க்கால் எடுத்தோம். 2024 அக்டோபர் மழையில் எங்கள் முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. அக்கா வீட்டுத் தரை நனையவில்லை. அது சின்ன மழை என்பதும் உண்மை. பெரிய மழைக்கு ஒரு வாய்க்கால் போதாது, ஏரிகளுக்கும் சதுப்பு நிலத்துக்கும் வழி வேண்டும்.

அக்கா இப்போது தெருவைச் சுற்றாமல் அந்த இடைவெளி வழியாகவே வருகிறார். போன வாரம் கறிவேப்பிலைக்கு வந்தவர், "ஐயா, வாய்க்கால்ல பிளாஸ்டிக் பை அடைச்சிருக்கு, மழைக்கு முன்னால எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னும் எடுக்கவில்லை. மேகம் இறங்கிக்கொண்டிருக்கிறது, ஆகையால் தேநீருக்கு நிற்காமல் புறப்படுகிறேன், மன்னிக்க வேண்டும்.